கயிறு என் கையில இருந்துச்சு

நம்முடைய கதைகளில் வீரன் எப்போதும் வேறு யாரோ பெற்ற பிள்ளையாகவே இருக்கிறான். சேரியில் வளர்வான். சேரிக் கஞ்சியைக் குடிப்பான். சேரிக்காரன் கையில் கம்பு சுற்றப் பழகுவான். பிறப்பு மட்டும் அரண்மனையில் நடந்திருக்கும். மதுரை வீரன் காசி ராஜாவின் மகன். கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை நாட்டுக்கு ஆகாது என்று சோதிடன் சொல்ல, காட்டில் கொண்டுபோய்ப் போட்டார்கள். செருப்புத் தைக்கிற சக்கிலியர் வீட்டில் எடுத்து வளர்த்தார்கள். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த சினிமாவிலும் இதுதான் கதை. தரை டிக்கெட்டில் உட்கார்ந்து விசிலடித்த நம் ஆட்கள் கொட்டகையை விட்டு வரும்போது ஒரு செய்தியையும் சேர்த்தே வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வளர்த்தது நாம்தான், ஆனால் அந்த வீரம் நம்முடையது இல்லை.

நான் அருந்ததியன். வீரன் எங்களுக்குக் குலசாமி. வீட்டில் நாங்கள் பேசுவது தெலுங்கு. சாமி கதை மட்டும் தமிழில்தான் வரும். என் அவ்வா, அப்பாவைப் பெற்றவள், எழுதப் படிக்கத் தெரியாதவள். கோடாங்கி சொல்லும் கதையையும் கேட்பாள், கூத்தில் ஆடும் கதையையும் பார்ப்பாள், கடைசியில் தன் கதையைத்தான் எங்களுக்குச் சொல்வாள். "ராசா பிள்ளையாம்ல ராசா பிள்ளை. ராசா பிள்ளைன்னா மாறுகால் மாறுகை வாங்குவாங்களாடா? நம்ம பிள்ளைன்னுதான் வெட்டுனாங்க. வெட்டிப்புட்டு, பயந்துபோயி சாமியாக்குனாங்க. சாமியாக்குன பெறகு நம்ம பிள்ளையக் கும்புடுறதுக்குக் கூசிக்கிட்டு ராசா பிள்ளைன்னுட்டாங்க." மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுர வாசலில் வீரன் இன்றும் நிற்கிறார். அவரைத் தாண்டி உள்ளே போகிற எத்தனையோ பேருக்குப் புரியாத வரலாற்று முறையியல் என் அவ்வாவுக்குப் புரிந்திருந்தது.

வீரனோடு இது முடியவில்லை. கர்ணனைப் பாருங்கள். தேரோட்டி வீட்டில் வளர்ந்தான், ராதை பால் கொடுத்தாள். ஆனால் அவன் வில்லுக்கும் கொடைக்கும் காரணம் கேட்டால் சூரியனையும் குந்தியையும்தான் காட்டுகிறார்கள். ஏகலைவனையும் அரிவம்சம் விடவில்லை. யாதவர் குலத்தில் பிறந்து நிஷாதர்களிடம் வளர்ந்தவன் என்று எழுதி வைத்திருக்கிறது. முத்துப்பட்டன் கதையில் ஒரு பார்ப்பனன் வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டிக்கொள்கிறான், மாமனாரின் தொழிலைச் செய்கிறான், மாட்டுக்குக் காவல் நின்று சாகிறான். அதைத் தாங்க முடியாதவர்கள் சில பாடங்களில் அந்தப் பெண்களையே பார்ப்பனக் குழந்தைகளாக்கி, காட்டில் கண்டெடுத்ததாக மாற்றிவிட்டார்கள். நந்தனோ தீயில் இறங்கிப் பூணூலோடு எழுந்த பிறகுதான் தில்லைக்குள் போக முடிந்தது.

அம்பேத்கரையும் விட்டுவைக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் ஒரு மகாபுருஷர் பிறப்பார் என்று சாமியாராகப் போய்விட்ட ஓர் உறவினர் முன்கூட்டியே ஆசி சொன்னாராம், வாழ்க்கை வரலாற்று நூல்களிலேயே வருகிறது. 1949 நவம்பர் 25ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் நின்று, மதத்தில் பக்தி மோட்சத்துக்கு வழியாக இருக்கலாம், அரசியலில் அது சீரழிவுக்கும் சர்வாதிகாரத்துக்குமே வழி என்று எச்சரித்தவர் அவர். அந்த மனிதருக்கே ஒரு ஜாதகம் எழுதியாகிவிட்டது.

இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டுப் போக முடியாது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. சாதி என்பது ரத்தத்தில் குணம் இருக்கிறது என்கிற பொய்யின் மேல் கட்டிய வீடு. தாழ்ந்த ரத்தத்தில் பயமும் அடக்கமும் இருக்க வேண்டும். அங்கே ஒருவன் நிமிர்ந்து நின்றுவிட்டால் வீடு ஆடுகிறது. இரண்டு வழிதான். ஒன்று, அவனை வெட்ட வேண்டும். இல்லை, அவன் அங்கே பிறந்தவன் இல்லை என்று சொல்ல வேண்டும். நம் ஆட்களுக்கு இரண்டையும் செய்தார்கள்.

பழைய கதை என்று இதை விட்டுவிட முடியவில்லை. ராஜா போய்விட்டார், சோதிடன் போகவில்லை. இப்போது அவன் பெயர் விதி. நம் தெருவில் ஒருவன் செத்தால் 'அவன் எழுத்து அவ்வளவுதான்' என்கிறோம். நம் தெருவில் ஒருவன் துணிந்தால் 'அவன் பிறவியே அப்படி' என்கிறோம். இரண்டும் ஒரே வாக்கியம்தான். அதை நான் என் மாமா விஷயத்தில் கண்டேன்.

மாமா என் அம்மாவுக்குத் தம்பி. ஒரு சிறு நகரத்தில் குப்பை அள்ளும் காண்ட்ராக்ட் வேலை. ஊர் பெயர் வேண்டாம். அதே தெருக்களில்தான் இன்றும் அவர் நடக்கிறார். எங்கள் சொந்தத்திலேயே பயந்தாங்கொள்ளி யார் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட அவரைத்தான் காட்டும். ரோட்டில் போலீஸ்காரர் சும்மா நின்றாலே சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போவார். சண்டை நடக்கும் பக்கம் திரும்ப மாட்டார். கல்யாணப் பந்தியில் இலை போட மறந்தால்கூடக் கேட்காமல் எழுந்துவிடுவார்.

2009இல் ஒரு லாட்ஜில் செப்டிக் டேங்க் அடைத்துக்கொண்டது. காண்ட்ராக்டர் ராத்திரியோடு ராத்திரியாக மூன்று பேரை அழைத்துப் போனான். மாமா மேலே கயிறு பிடிக்கிற ஆள். முதலில் இறங்கியவர் இரண்டு வாளி எடுத்துக் கொடுத்தார். மூன்றாவது வாளி வரவில்லை. கூப்பிட்டால் சத்தம் இல்லை. இரண்டாவது ஆள் குனிந்து பார்த்தார், இறங்கினார், அவரும் சரிந்தார். காண்ட்ராக்டர் போன் பேசப் போகிறேன் என்று வெளியே போனவன் திரும்பவில்லை.

அந்தக் குழிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மலம் மூடிக் கிடந்து புளிக்கும்போது ஹைட்ரஜன் சல்பைடு வாயு உண்டாகிறது. கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று நினைக்கிறவன்தான் சாகிறான். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, அவ்வளவுதான், ஆள் சுருண்டுவிடுவான். அதனால்தான் இந்தச் சாவுகள் ஒன்றாக வருவதில்லை, இரண்டாக, மூன்றாக வருகின்றன. செய்தித்தாளில் 'விஷவாயு தாக்கி மூவர் பலி' என்று படிக்கிறோமே, அதில் முதல் ஆள்தான் வேலைக்கு இறங்கியவன். இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் அவனைத் தூக்க இறங்கியவர்கள். கூலிக்கு இறங்கியவர்கள் இல்லை. அந்தச் செய்தி அவர்களைத் தனியே பிரித்துச் சொல்வதில்லை.

மாமா கயிற்றின் ஒரு நுனியைத் தன் இடுப்பில் கட்டினார். மறு நுனியை எதிர்த்த டீக்கடையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்த பையன் கையில் கொடுத்தார். துண்டை நனைத்து மூக்கில் கட்டினார். ஈரத்துண்டு அந்த வாயுவை நிறுத்தாது, அது அவருக்கும் தெரியும். இறங்கி, இரண்டாவது ஆளின் அக்குளில் கைகொடுத்துக் கயிற்றோடு கட்டி மேலே ஏற்றிவிட்டார். வெளியே வந்து விழுந்தவருக்கு ஆஸ்பத்திரியில்தான் நினைவு வந்தது. முதல் ஆளைத் தீயணைப்பு வண்டிக்காரர்கள் பிணமாகத்தான் எடுத்தார்கள்.

எங்கள் தெருவே கூடிப் பேசியது. செத்தவருக்கு 'எழுத்து' என்றார்கள். மாமாவுக்கு 'வீரன் இறங்கிட்டாரு' என்றார்கள். பயந்தாங்கொள்ளிக்கு இவ்வளவு துணிச்சல் வேறு எங்கிருந்து வரும், குலசாமிதான் இறங்கியிருக்கிறார் என்று ஒரு பெரியவர் திருநீறு கொண்டுவந்து பூசினார். கட்டிலில் கிடந்த மாமா இருமிக்கொண்டே சொன்னார்: "வீரனும் இறங்கல, ஒருத்தரும் இறங்கல. நாந்தான் இறங்குனேன்." பின்னே எப்படி இறங்கினாய் என்று என் அம்மா கேட்டாள். "நான் என்ன செய்யக்கா, கயிறு என் கையில இருந்துச்சு."

இந்தப் பதிலுக்கு நான் அப்போது பெரிய அர்த்தம் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு ஐந்து வருஷம் அவர் செய்ததைப் பார்த்த பிறகுதான் அந்த வார்த்தையின் கனம் தெரிந்தது.

குழிக்குள் இறங்கியது சில நிமிஷ வேலை. அதற்கு யோசிக்க நேரமே இல்லை. ஸ்டேஷனில் நடந்தது வேறு. 'போதையில் தவறி விழுந்து' என்று ரைட்டர் எழுதி வைத்திருந்தார். மாமாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், படிக்கத் தெரியாது. "படிச்சுக் காட்டுங்க சார்" என்றார். போலீஸ்காரரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்குகிறவர் கேட்டார். படித்ததும், "விழல சார், எறக்கி விட்டாங்க" என்றார். அதைத் திருத்தி எழுதும் வரை பேனாவைத் தொடவில்லை. சாயங்காலம் ஏழு மணி வரை பெஞ்சு ஓரத்தில் நின்றார். உட்காரச் சொல்லவில்லை, அவரும் போகவில்லை. காண்ட்ராக்டர் ஆள் ஒரு லட்சம் ரூபாயோடு வீட்டுக்கு வந்தான். எங்கள் வீட்டில் அவ்வளவு பணத்தை அதுவரை யாரும் ஒன்றாகப் பார்த்ததில்லை. மாமா வாங்கவில்லை. அந்த மாதமே நகரத்தில் அவருக்கு வேலை நின்றுபோனது.

வழக்கு ஐந்து வருஷம் இழுத்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும். பாதி நாள் ஜட்ஜ் லீவு, பாதி நாள் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சல். குறுக்கு விசாரணையில் "அன்று குடித்திருந்தாயா?" என்று கேட்டார்கள். "குடிச்சிருந்தேன் சார். குடிக்காம அதுல எறங்க முடியாது" என்றார். கோர்ட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. மாமா தூக்கிக் காப்பாற்றினாரே அந்த இரண்டாவது ஆள், அவர் கூண்டில் ஏறி, யாரும் எங்களை இறங்கச் சொல்லவில்லை என்று பிறழ்ந்து சாட்சி சொன்னார். காண்ட்ராக்டர் விடுதலையானான். எங்களுக்கெல்லாம் ரத்தம் கொதித்தது. மாமா மட்டும் பஸ்ஸில் ஊர் திரும்பும்போது, "அவனுக்கு மூணு பொட்டப்பிள்ள. அவன் பயந்ததுல தப்பில்ல. எனக்குப் பிள்ளை குட்டி இல்ல, நான் பேசுனேன்" என்றார்.

தோற்றுப்போன வழக்கு என்றுதான் எல்லாரும் நினைத்தோம். 2014 மார்ச் 27ஆம் தேதி சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1993 முதல் சாக்கடைக் குழிகளில் செத்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்றது. (2023 அக்டோபரில் வந்த இன்னொரு தீர்ப்பு அதை 30 லட்சமாக உயர்த்தியது.) செத்தவரின் மனைவி மனு கொடுத்தபோது, இது வேலையில் நடந்த சாவுதானா, தானாக விழுந்ததா என்று அதிகாரிகள் கேட்டார்கள். அதற்குக் காட்ட அவளிடம் ஒரே ஒரு காகிதம்தான் இருந்தது. மாமா திருத்தி எழுத வைத்த அந்த வாக்குமூலம். மனு மேல் மனு போட்டு 2018இல் பணம் வந்தது. அவள் மகன் இப்போது பாலிடெக்னிக் முடித்துவிட்டான், குழிப்பக்கம் போகவில்லை.

ஆக வீரம் இரண்டு வகை. ஒரு நிமிஷத்து வீரம் ஒன்று, வருஷக்கணக்கில் நிற்கிற வீரம் ஒன்று. முதலாவதைத்தான் பாட்டாகக் கட்டுகிறோம். இரண்டாவதற்குப் பாட்டு இல்லை. அது வாய்தா நோட்டீஸிலும் பஸ் டிக்கெட்டிலும் கிடக்கிறது. அது யாருக்கும் பிறவியில் வருவதுமில்லை. மாமா தனியாக நிற்கவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் என் அம்மா தூக்குச்சட்டியில் சோறு கட்டிக்கொண்டு கோர்ட் வராண்டாவில் போய் உட்கார்ந்திருந்தாள். சங்கத்துத் தோழர் ஒருவர் காசு வாங்காத வக்கீலைப் பிடித்துக் கொடுத்தார். அந்த டீக்கடைப் பையன் சாதி இந்து வீட்டுப் பிள்ளை, தான் கயிறு பிடித்ததை மறைக்காமல் சொன்னான். இத்தனை பேரையும் அழித்துவிட்டு 'வீரன் இறங்கிட்டாரு' என்று சொன்னால் எவ்வளவு சுலபம்!

என் மாமா கதை எங்கள் குடும்பத்தோடு போகட்டும். நாட்டுக்கே தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. 1996இல் தேர்தல். எந்த ஊராட்சி தாழ்த்தப்பட்டோருக்கு என்று அரசு பட்டியல் போட்டது. மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்து மேலவளவு அந்தப் பட்டியலில் வந்தது. அந்த மண்ணில் தலித் ஒருவன் தலைவன் ஆவான் என்று எந்தச் சோதிடனும் சொல்லியிருக்கவில்லை. ஜாதகம் சொல்லாததை அரசாங்கக் காகிதம் சொன்னது. வேட்பு மனு போட்டவர்கள் மிரட்டலுக்குப் பயந்து முதலில் பின்வாங்கினார்கள். வீடுகள் எரிந்தன. மறுபடி தேர்தல் வைத்தபோது வாக்குச்சாவடிக்குள் புகுந்து பெட்டிகளைத் தூக்கிப்போனார்கள். கடைசியில் 1996 டிசம்பர் 31ஆம் தேதி போலீஸ் காவலோடு நடந்த தேர்தலில் முருகேசன் தலைவரானார். மேலூர் வட்டாரத்துக்கு வெளியே அதுவரை யாரும் கேள்விப்படாத பெயர் அது. ஊராட்சி அலுவலகத்துக்குள் போய் நாற்காலியில் உட்கார அவரை விடவில்லை.

1997 ஜூன் 30ஆம் தேதி. எரிந்த வீடுகளுக்கு நஷ்ட ஈடு கேட்டு மதுரை கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார். ஊருக்குப் பக்கத்தில் பஸ்ஸை மறித்து அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டிச் சாய்த்தார்கள். அவர் தலையைத் துண்டித்துக் கொண்டுபோய்க் கிணற்றில் எறிந்தார்கள். மாறுகால் மாறுகை வாங்கியதாகப் பாட்டில் கேட்டதை நம் தலைமுறை பஸ் ரோட்டில் பார்த்தது. துணைத் தலைவர் மூக்கனும் அன்று வெட்டுப்பட்டுச் செத்தவர்களில் ஒருவர்.

'உடன் வந்தவர்கள்' என்கிற அந்த வார்த்தையை நான் வேகமாகத் தாண்டிப் போக விரும்பவில்லை. முருகேசனுக்கு மிரட்டல் இருப்பது ஊருக்கே தெரியும். தெரிந்தும் கூட ஆட்கள் பஸ் ஏறினார்கள். தலைவர் பதவி அவர்களுக்கு இல்லை. போஸ்டரில் பெரிய படம் அவர்களுக்கு இல்லை. தனியாகப் போக விடக்கூடாது என்று நினைத்தவர்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகும் கூட நின்றவர்கள் உண்டு. வெட்டுக்காயத்தோடு பிழைத்தவர்கள் சாட்சி சொன்னார்கள். வழக்கறிஞர் பொ. இரத்தினம் போன்றவர்கள் வழக்கை விடாமல் தூக்கி நடந்தார்கள். சேலம் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்ட வழக்கில் 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2006இல் உயர் நீதிமன்றமும் 2009இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. சாட்சி சொன்னவர்கள் அதே ஊரில் இருக்கும்போது விடுதலை செய்தது. அந்தச் சாட்சிகளின் வீரத்துக்கு முன்விடுதலை கிடையாது.

இன்னொரு பக்கத்தையும் பேச வேண்டும். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, அருகே நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல். இங்கெல்லாம் 1996 முதல் பத்து வருஷம் தலித் தலைவர் என்ற ஒருவர் நாற்காலியில் உட்கார முடியவில்லை. தேர்தல் அறிவிப்பார்கள், மனு போட ஆள் வராது. வந்தாலும் சாதி இந்துக்கள் நிறுத்திய ஆளாக இருப்பார், ஜெயித்த கையோடு ராஜினாமாக் கடிதம் கொடுப்பார். அந்த ராஜினாமாக்களைப் பார்த்து நம்மிலேயே சிலர், முதுகெலும்பு இல்லாதவன்கள் என்று பேசினார்கள். மேடையில் அப்படிப் பேசுகிறவர்களுக்கு அந்த ஊரில் நிலமும் கிடையாது, கூலி வேலையும் கிடையாது, வயசுக்கு வந்த மகளும் கிடையாது.

2006 அக்டோபரில் அதே ஊர்களில் தேர்தல் நடந்தது. தலித்துகள் தலைவரானார்கள், ராஜினாமா இல்லாமல் நிலைத்தார்கள். பத்து வருஷத்தில் அந்த ஜனங்களின் ரத்தம் மாறிவிட்டதா? இல்லை. இந்தத் தடவை அரசு நடத்தியே தீருவது என்று முடிவு செய்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த உதயசந்திரன் ஊர் ஊராக உட்கார்ந்து பேசினார். இயக்கங்கள் பத்து வருஷம் கத்திய சத்தம் கோட்டை வரை போயிருந்தது. சாதி இந்துக்களும் இறங்கி வந்தார்கள். ஆக, குறைந்திருந்தது தைரியம் அல்ல, பாதுகாப்பு. மற்ற ஊர்களில் மனு போடுவது ஒரு காலை நேரத்து வேலை. ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட ஒருவன் வீரனாக இருக்க வேண்டும் என்றால் வெட்கப்பட வேண்டியது அவன் இல்லை.

நம் இலக்கியத்தில் அடிக்கடி வழுக்கி விழுகிற இடம் இது என்று எனக்குப் படுகிறது. தியாகிகளைப் போற்றுகிறோம், போற்றத்தான் வேண்டும். ஆனால் போற்றுகிற வேகத்தில் அவர்களை நம்மைப் போலில்லாத பிறவிகளாக்கி விடுகிறோம். அப்படி ஆக்கியதும் இரண்டு தரப்பு தப்பித்துக்கொள்கிறது. அவனை அந்தக் குழிக்குள், அந்த பஸ் ரோட்டில் கொண்டுபோய் நிறுத்தியவன் தப்பிக்கிறான், 'அவன் விதி' என்பதால். பக்கத்தில் போய் நிற்காத நாமும் தப்பிக்கிறோம், 'அவன் பிறவி வீரன், நம்மால் ஆகுமா' என்பதால்.

வாச்சாத்தி இதற்கு எதிரான சாட்சி. தருமபுரி மாவட்டத்து மலையடிவாரத்தில் பழங்குடி மக்களின் ஊர். 1992 ஜூன் 20ஆம் தேதி சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் கூட்டமாகப் புகுந்தார்கள். வீடுகளை உடைத்தார்கள், ஆடு மாடுகளை அடித்துத் தின்றார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அதில் பள்ளிக்கூடம் போகிற சிறுமியும் உண்டு. பிறகு அந்தப் பெண்கள் மேலேயே கடத்தல் வழக்குப் போட்டு சேலம் ஜெயிலில் அடைத்தார்கள்.

வழக்கமாக இந்த இடத்தில் கதை முடிந்துவிடும். வெளியே சொன்னால் மானம் போகும் என்று பெண்களின் வாயை ஊரே மூடும். வாச்சாத்தியில் மூடவில்லை. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத் தோழர்கள் வந்து கேட்டார்கள், அந்தப் பெண்கள் சொன்னார்கள். சி.பி.ஐ. அதிகாரியிடம் சொன்னார்கள். சாட்சிக் கூண்டில் ஏறி, யூனிபார்ம் போட்டவர்களின் வக்கீல்கள் கேட்ட கேவலமான கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னார்கள். கல்யாணமானது, பிள்ளை பிறந்தது, தலை நரைத்தது, வழக்கு நடந்தது. 19 வருஷம் கழித்து 2011 செப்டம்பர் 29ஆம் தேதி தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது தீர்ப்பு. ஒருவர்கூட விடுபடவில்லை. அவர்கள் மேல்முறையீடு போனார்கள். 2023 மார்ச்சில் நீதிபதி வேல்முருகன் அந்த ஊருக்கே நேரில் வந்து பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29இல் உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது, அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கச் சொன்னது.

31 வருஷம். இது எந்த வகைப் பிறவி வீரம்? விறகுக்கும் களையெடுப்புக்கும் போய்வந்த பெண்கள். ஒருத்தி மட்டும் பேசியிருந்தால் நொறுக்கியிருப்பார்கள். பதினெட்டுப் பேர் பேசினார்கள். ஒருத்தி சோர்ந்த அன்றைக்கு இன்னொருத்தி பஸ் ஏறியிருப்பாள். கூண்டில் ஏறுகிறவளின் கைப்பிள்ளையை வெளியே யாராவது வைத்துக்கொண்டு நின்றிருப்பார்கள். பிள்ளையை வைத்துக்கொண்டு நின்றவளையும் சேர்த்துத்தான் வாச்சாத்தி என்று நான் சொல்கிறேன்.

இதை எழுதுவது சிலை வைக்க வேண்டாம் என்பதற்காக இல்லை. மேலவளவில் நினைவிடம் இருக்கிறது, ஜூன் 30 அன்று போகிறோம், போவோம். ஆனால் அன்றைக்கு மேடையில் கேட்க வேண்டிய கேள்வி 'இவர்களுக்கு இவ்வளவு தைரியம் எப்படி வந்தது' என்பதில்லை. 'இவர்கள் தைரியமாக இருந்தே தீர வேண்டும் என்ற நிலைக்கு யார் தள்ளினார்கள்' என்று கேட்க வேண்டும். 'அன்றைக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள், யார் இல்லை' என்றும் கேட்க வேண்டும். 2013ஆம் வருஷத்துச் சட்டம் மனிதனை அந்தக் குழிக்குள் இறக்கக்கூடாது என்கிறது. அதன் பிறகும் இறக்குகிறார்கள், அதன் பிறகும் தூக்கப் போனவன் சாகிறான். அவனுக்கு மாலை போட்டுவிட்டு, இறக்கியவனைக் கேட்காமல் வந்தால் அடுத்த குழிக்கு நாமே ஆள் அனுப்புகிறோம்.

இந்தப் பத்திரிகையைப் படிக்கிற மாணவர்களும் தோழர்களும் நிறையப் பேர் நகரங்களில் இருக்கிறீர்கள். உங்கள் ஊர் கோர்ட்டில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஒரு வழக்காவது நடந்துகொண்டிருக்கும். அதில் யாரோ ஒரு கூலிக்காரி சாட்சியாக இருப்பாள். காலை பத்து மணிக்கே வந்து, எதிரியின் சொந்தக்காரர்கள் இருபது பேர் நிற்கிற வராண்டாவில் தூண் ஓரமாகத் தனியாக நின்றுகொண்டிருப்பாள். கூப்பிடுவார்களா, ஒத்திப் போடுவார்களா என்று அவளுக்குத் தெரியாது. குடிக்கத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. அவளைப் பற்றிக் கவிதை எழுதுவது பிறகு இருக்கட்டும். வழக்கு எண்ணை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள், வாய்தா தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு லீவு போட்டுவிட்டுப் போய் அவள் பக்கத்தில் நில்லுங்கள். ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். சாயங்காலம் பஸ் ஏற்றிவிட்டு வாருங்கள்.